பார்க்காமலே எழுதிய மருந்துச் சீட்டுகள்

மாதவிலக்கு நின்றுபோன ஒரு பெண், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று சொன்னால் நம் ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். வீட்டில் கேட்டால் உடம்புச் சூடு. மருந்துக் கடையில் கேட்டால் யூரின் இன்ஃபெக்‌ஷன். கிளினிக்கில் கேட்டால், முதலில் சுகர் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த மூன்றில் ஒன்று சரியாகவே இருக்கும் பெண்களும் நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எனக்கு மூன்றுமே இல்லை. எனக்கு இருந்ததைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். விளக்கைப் போட்டு ஒருவர் குனிந்து பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கிறவர் கிடைப்பதற்குள் ஒரு பை நிறைய மருந்துச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன.

ஒட்டன்சத்திரத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவள், பேரன் எடுத்தவள். ரவிக்கைக்கு அளவெடுக்கத் திரையை இழுத்துவிட்டால், குழாயடியிலும் கோயிலிலும் பேசாததைப் பெண்கள் பேசிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுவதில் என் கதை பாதி, திரைக்குப் பின்னால் கேட்டது மீதி. யாருடைய பெயரும் வராது.

எனக்கு 47 வயதில் மாதவிலக்கு நின்றது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது என்பதால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால் நின்றுவிட்டதாகக் கணக்கு. திடீர் திடீரென்று முகம் பற்றி எரிந்து வியர்த்துக் கொட்டியது, தூக்கம் கெட்டது, கொஞ்ச காலத்தில் அவை தாமாகவே அடங்கின. ‘அப்பாடா, இனி நாப்கின் செலவும் மிச்சம்’ என்று இருந்தேன். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல இது ஆரம்பித்தது.

முதலில் அரிப்பு. பிறகு சிறுநீர் போய் முடிந்ததும், வெட்டுக்காயத்தில் எலுமிச்சைச் சாறு பட்டதுபோல ஓர் எரிச்சல். அது உள்ளே சிறுநீர்ப்பையில் இல்லை, வெளியே வாசலில். இந்த வித்தியாசம் முக்கியம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் ஸ்டூலின் விளிம்பு உறுத்தியது. மரச் ஸ்டூலின் மேல் தலையணையை மடித்துப் போட்டேன், அப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பெடலை மிதித்தேன். உள்ளாடையின் தையல் விளிம்பு உரசியே தோல் கன்றிப் போனது. அந்தத் தையலை எப்படி அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஓவர்லாக் நூல் எவ்வளவு முரடு என்றும் தெரியும். ஆனால் அதே பிராண்டை வருடக்கணக்காகப் போட்டவள்தானே நான்? துணி மாறவில்லை. தோல் மாறியிருந்தது.

வீட்டு வைத்தியம் வரிசையாக நடந்தது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன், இளநீர், நீர்மோர், தொப்புளில் விளக்கெண்ணெய். இவற்றால் கெடுதல் இல்லை, தண்ணீர் நிறையக் குடித்ததில் எரிச்சல் சற்றுக் குறையவும் செய்தது. அடுத்து கிளினிக். சிறுநீர்ப் பரிசோதனையில் கொஞ்சம் சீழ் அணுக்கள் இருப்பதாக வந்தது, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே எரிச்சல், வேறு ஆன்டிபயாடிக். ஒருமுறை கல்ச்சர் எடுத்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்துவிட்டும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு கோர்ஸ் எழுதினார்கள். கிருமி இல்லாத கல்ச்சருக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்க அப்போது எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் தொடர்ந்து சாப்பிட்டால் யோனியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகும், அந்த இடத்தில் பூஞ்சை வளரும் என்பது சாதாரணமாக நடப்பது. அதனால் அரிப்பு கூடியதும் பூஞ்சை மாத்திரை. அதுவும் சரிப்படாதபோது மருந்துக் கடைக்காரர் தாமாகவே ஒரு டியூபை எடுத்து நீட்டினார். படர்தாமரைக்குக் கொடுப்பார்களே, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீம். போட்ட அன்று சுகமாக இருந்தது. ஸ்டீராய்டு எந்த அரிப்பையும் முதலில் அடக்கும். அதுதான் அதன் ஆபத்து. கண்டபடி நாள்கணக்கில் போட்டால் தோல் மேலும் மெலியும். ஏற்கெனவே மெலிந்துபோன இடம் அது.

இத்தனை பேரிலும் ஒருவர்கூட ‘படுங்கள், பார்க்கிறேன்’ என்று சொல்லவில்லை. ஆண் மருத்துவர்களுக்குத் தயக்கம் என்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். பெண் மருத்துவர் ஒருவரும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கணவரோடு இருக்கும்போது வலிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சொல்லவே மூச்சு முட்டியது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, ‘இந்த வயதுக்கு அதெல்லாம் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் அம்மா’ என்றார். சீட்டில் கால்சியம் மாத்திரையும், அந்த இடத்தைக் கழுவ ஒரு நுரைக்கும் வாஷும் எழுதினார்.

கணவரோடான அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டால் தாய் தகப்பன் தனித்தனிப் பாயில் படுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. நாங்கள் அப்படி இருக்கவில்லை. ஆனால் எரிச்சல் தொடங்கியபின் உள்ளே நுழையும்போதே கிழிகிற வலி, மறுநாள் துணியில் சிறு ரத்தக்கறை. வலிக்கும் என்று தெரிந்த உடம்பு அடுத்த முறை தானாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் வலி இன்னும் கூடும். நான் சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். இரவில் அவசர ஆர்டர் இருப்பதாகச் சொல்லி மெஷினிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவரே கேட்டுவிட்டார்: ‘என் மேல் ஏதாவது வெறுப்பா?’ வலிக்கிறது என்று அன்றுதான் முழுதாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கொடிக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘இத்தனை நாள் வலியோடா இருந்தாய்? வலித்தால் வேண்டாம், முதலில் அதற்கு ஒரு வழி பார்ப்போம்’ என்றார். அதற்கப்புறம் மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போக அவர்தான் என்னைவிட அவசரப்பட்டார்.

வழி காட்டியது ஒரு வாடிக்கையாளர். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேத்தியின் சடங்குக்கு ரவிக்கை தைக்க வந்திருந்தார். நான் ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்து என்னவென்று விசாரித்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘இதுவரை யாராவது உன்னைப் பார்த்தார்களா?’ இல்லை அக்கா என்றேன். ‘அப்படியானால் நீ இன்னும் வைத்தியமே பார்க்கவில்லை’ என்றார்.

மதுரையில் அவர் சொன்ன மகப்பேறு மருத்துவர் நடு வயதுக்காரர், அதிகம் சிரிக்காதவர். எங்கே எரிகிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். சிறுநீர் வருவதற்கு முன்பா, வரும்போதா, முடிந்தபிறகா என்று கேட்டார். கணவரோடு உறவு உண்டா, வலிக்கிறதா, நுழையும்போதா ஆழத்திலா என்று, பசிக்கிறதா தூக்கம் வருகிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்டார். அந்தக் குரலிலேயே என் கூச்சம் பாதி போய்விட்டது. பிறகு திரைக்குப் பின்னால் மேசை.

பரிசோதனையைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே துணியை விலக்கி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். சேலையோ பாவாடையோ கட்டிப் போனால் சுருட்டி மேலே தூக்கிக்கொள்ளலாம். சுடிதார் என்றால் முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும். முதலில் வெளிப்புறத்தைத்தான் பார்த்தார். அதற்கே நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். பிறகு ஸ்பெகுலம் என்ற கருவி. அதில் அளவுகள் உண்டு. எனக்கு இருப்பதிலேயே சிறியதை எடுத்து, வெந்நீரில் காட்டி, வழவழப்பான ஜெல் தடவி, ‘வலித்தால் நிறுத்து என்று சொல்லுங்கள், நிறுத்திவிடுவேன்’ என்றார். ஒருமுறை சொன்னேன். சொன்னபடி நிறுத்தினார். கொஞ்சம் விட்டு, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி மறுபடி வைத்தார். உள்ளே சுவர் வெளிறி, வழுவழுவென்று மெலிந்து, அங்கங்கே ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகளோடு இருப்பதாகச் சொன்னார். சிறு காகிதப் பட்டையை உள்சுவரில் ஒற்றி எடுத்து, டப்பாவில் இருந்த வண்ணக் கட்டங்களோடு வைத்துக் காட்டினார். மாதவிலக்கு வருகிற காலத்தில் அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 3.8க்கும் 4.5க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம்; எண் கூடினால் அமிலம் குறைவு என்று அர்த்தம். என்னுடையது 6ஐத் தாண்டி நின்றது.

காரணம் ஈஸ்ட்ரோஜன். சினைப்பை ஓய்வெடுத்ததும் இந்த ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. யோனியின் உள்தோல் அடுக்கடுக்காகத் தடித்து ஈரமாக இருப்பது அதன் தயவில்தான். அது இருக்கும்வரை அந்தத் தோலில் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேரும். லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அதை வைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும். அந்த அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடாது. ஹார்மோன் குறைந்தால் தோல் மெலியும், கிளைகோஜன் குறையும், நல்ல பாக்டீரியா குறையும், அமிலமும் போகும். சிறுநீர்த் துவாரமும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் இதே ஹார்மோனை நம்பியிருப்பவைதான். அதனால்தான் அடிக்கடி சிறுநீர் முட்டுவது, எரிச்சல், சிலருக்கு உண்மையாகவே திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று எல்லாம் சேர்ந்து வருகின்றன. முன்பு யோனி வறட்சி என்று மட்டும் பேசியவர்கள், சிறுநீர்ப் பாதையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று 2014இல் இதற்கு மாதவிலக்கு நிறைவின் பிறப்புறுப்பு–சிறுநீர்த் தொகுதி நோய்க்குறி என்ற பொருளில் புதிய பெயரே வைத்தார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. வியர்வையும் சூடும் காலப்போக்கில் தணிந்துவிடும். இது வைத்தியம் இல்லாமல் தணியாது, வருடம் போகப்போகக் கூடும். ‘வயசானால் அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டிருப்பது இதற்கு ஒத்துவராது.

எழுதிக் கொடுத்தது எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம். டியூபோடு அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழல் ஒன்று வரும். அரை கிராம் அளவுக்கு நிரப்பி, இரவு படுக்கப் போகும்போது உள்ளே வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு. எரிச்சல் வாசலில்தான் அதிகம் என்பதால் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து வெளியேயும் தடவச் சொன்னார். கிரீம் போட்டவுடன் கணவரோடு சேர வேண்டாம், அது அவருக்கான மருந்து இல்லை.

அந்த டியூபோடு ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். அதைப் படித்தால் தூக்கம் போகும். ரத்தக்கட்டு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் என்று வரிசையாக எழுதியிருக்கும். கடைக்காரரும் தம் பங்குக்கு, ‘ஹார்மோன் மருந்து, யோசித்துப் போடுங்கள்’ என்றார். இந்தப் பயத்தின் மூலம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அது ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனும் சேர்த்து வாய்வழியாகத் தினமும் மாத்திரை சாப்பிட்ட பெண்களைப் பற்றியது. குறைந்த அளவில் யோனியில் வைக்கிற கிரீமிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகமிகச் சொற்பம். ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. எனக்கு வேலை செய்தது என்பதற்காக அடுத்த வீட்டு அக்காவுக்கு என் டியூபைப் பிதுக்கிக் கொடுப்பதும் கூடாது. கேட்டார்கள், கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார்கள்.

மாற்றம் உடனே வரவில்லை. முதல் வாரத்தில் கிரீமே கொஞ்சம் எரிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் குறைய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம் என்று முன்னமே சொல்லியிருந்ததால் விட்டுவிடாமல் போட்டேன். ஸ்டூலில் போட்டிருந்த தலையணை எப்போது மறுபடி கட்டிலுக்குப் போனது என்று எனக்கே நினைவில்லை. ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு வாங்கவில்லை. இதற்கும் ஆதாரம் இருக்கிறது என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் மாதவிலக்கு நின்ற பெண்களில் எஸ்ட்ரியால் கிரீம் வைத்தவர்களுக்குச் சராசரியாக வருடத்துக்கு 0.5 முறையும், மருந்தில்லாத வெறும் கிரீம் வைத்தவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்திருக்கிறது. அப்போது எனக்கு இருபது வயதுதான். இத்தனை பழைய செய்தி எங்கள் ஊர்க் கிளினிக்குகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை!

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கும், அறிகுறி லேசாக இருப்பவர்களுக்கும் ஈரப்பத ஜெல்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைப்பவை அவை. உறவின்போது மட்டும் தடவுகிற வழவழப்பு ஜெல் வேறு. நறுமணம், ‘சூடேற்றும்’ என்றெல்லாம் எழுதியிருப்பதை வாங்காதீர்கள், எரியும். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துப்போகிறது; ஆனால் ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய் தொடக்கூடாது, ஆணுறையின் லேடக்ஸ் ரப்பர் இற்றுக் கிழியும். இறுகிப் பழகிய தசைக்கு மருத்துவர் தனியாகப் பயிற்சி சொன்னார்: மூச்சை விடும்போது கீழே தளர்த்துவது, பிறகு எண்ணெய் தடவிய ஒரு விரல், வலிக்காத அளவுக்கு மட்டும். வெகு நாள் வலியில் இருந்தவர்களுக்கு இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கணவரிடம் ‘அவசரப்படக்கூடாது’ என்று மருத்துவரே நேரில் சொன்னது எனக்குப் பெரிய உதவி. அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நிறுத்தச் சொன்னவற்றில் முதலிடம் அந்த நுரைக்கும் வாஷுக்கு. சோப்பு, டெட்டால், பவுடர், வாசனைத் திரவம் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டியதில்லை. வெளியே வெறும் தண்ணீர் போதும். உள்ளே தண்ணீர்கூட வேண்டாம், அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. உள்ளாடை விஷயத்தில் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நைலான் லேஸ் வைத்தது பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தொடையிடுக்கில் இரட்டைப் பருத்தித் துணி வைத்த, தையல் பக்கவாட்டில் ஓடுகிற மாதிரியைத் தேடி வாங்குங்கள். இரவில் உள்ளாடையே வேண்டாம்.

திரைக்குப் பின்னால் கேட்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அறிகுறி ஒன்றாக இருந்தும் நோய் வேறாக இருந்தது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. பல வருடமாக ராத்திரி அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் வெளுத்துவிட்டது. வெண்புள்ளி என்று பயந்து மகன் கல்யாணம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. பூஞ்சைக் கிரீம் எதற்கும் கேட்கவில்லை. பார்த்ததும் தெரிந்தது, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். தொற்றாது, வெண்புள்ளியும் இல்லை. இதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் சரியான மருந்து. எனக்குக் கெடுதல் என்று சொன்ன அதே வகை மருந்து அக்காவுக்கு உயிர்நாடி; பார்க்காமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே இரண்டு உதாரணம். இந்த நோய் உள்ளவர்களில் சிறு பங்கினருக்குப் பின்னாளில் அங்கே புற்றுநோய் வரக்கூடும் என்பதால் அக்கா களிம்பை விடுவதில்லை, குறித்த காலத்தில் போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

இன்னொருவர் காய்கறி மண்டியில் கணக்குப் பார்ப்பவர், சர்க்கரை நோயாளி. தயிர்த் திரட்டு மாதிரி வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அரிப்பு, பூஞ்சை மாத்திரை போட்டால் போகும், மறுபடி வரும். சர்க்கரைக்கு மாத்திரை மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்பது பேசும்போதுதான் வெளியே வந்தது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை; பூஞ்சைக்கு அது விருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை என்பதால் தாமாக நிறுத்தக்கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்ச் சொன்னார், அவர் யோசித்து மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாமவருக்கு மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்துத் துளி ரத்தம். ‘திரும்ப இளமை வந்துவிட்டது’ என்று மதினிகள் கேலி செய்தார்களாம். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு வந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பெரும்பாலும் வறட்சியோ, பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும்; ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே. யோனி வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அவருக்குப் பாலிப்தான், எடுத்துவிட்டார்கள். எனக்கும் துணியில் கறை பட்டது என்று சொன்னதால் வறட்சிதான் என்று விட்டுவிடாமல் இந்த ஸ்கேனையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் கிரீமை எழுதினார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அன்றே நடந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,000க்கும் மேற்பட்ட பெண்களைச் செவிலியர்களே சோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவு எளிய முறை. அதனால் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இன்று உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு அது. நம் ஊர்ப் பெண்கள் கூச்சத்தை விட்டுப் படுத்ததால் கிடைத்த அறிவு; இதை நினைக்கும்போது எனக்கு மாவட்டப் பெருமை கொஞ்சம் வரும். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு, வெளுக்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடுவதால் அந்த முறை சரிவராது. அப்போது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தோல் வறண்டிருக்கும்போது பாப் ஸ்மியர் முடிவு சில சமயம் தெளிவில்லாமல் வரும். சில வாரம் ஈஸ்ட்ரோஜன் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி இருந்தால் மட்டும் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது சிறுநீரகத் தொற்று, காத்திருக்காது.

மற்றவர்கள் போவதற்கு முன் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது, எரிச்சல் வாசலிலா உள்ளேயா, உறவின்போது வலி உண்டா, ரத்தம் பட்டதா, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், கல்ச்சர் அறிக்கை. வாயால் சொல்ல நா எழவில்லை என்றால் அந்தச் சீட்டையே நீட்டிவிடலாம், எங்கள் கடைக்கு வருகிற பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆண் மருத்துவர் என்றால் செவிலியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சீட்டைப் படித்துவிட்டு அவர் தலையை நிமிர்த்தாமலே மருந்து எழுத ஆரம்பித்தால், ‘டாக்டர், நான் படுத்துக்கொள்கிறேன், ஒருமுறை பார்த்துவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். வராதவரிடம் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்தவரைத் தேடிப் போங்கள்.